பயத்துக்கும் ஒரு தூரம் உண்டு

வீடும் வளவும்



இம்மாதம் நாயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். நாய் வளர்க்காத வீட்டுக்காரிக்கும் இதில் விடயம் உண்டு. ஒழுங்கையில் நடக்கிற எல்லோருக்கும் உண்டு.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வசிக்கும் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் வீட்டில் இரண்டு வயதுள்ள ஊர்நாய் ஒன்று நிற்கிறது. குட்டியாக இருந்தபோது ஒழுங்கை நாய்கள் மூன்று சேர்ந்து அதைக் கடித்துவிட்டன. வளவுக்குள் அது தங்கமான நாய். பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் கிடக்கும். சீனி வருத்தத்துக்குத் தினமும் நடக்கும்படி டொக்டர் சொன்னதால் விடியப்புறத்தில் துணைக்கு அதையும் கூட்டிக்கொண்டு போகிறேன். படலையைத் தாண்டினால் நடுங்குகிறது. தூரத்தில் இன்னொரு நாயைக் கண்டால் ஒன்றில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறது, இல்லாவிட்டால் விசர் பிடித்ததுபோலக் குரைத்துப் பாய்கிறது. போன மாதம் என்னைத் தெருவில் விழுத்தியும் விட்டது. 'எங்கேயாவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்' என்று இவர் சொல்கிறார். பிள்ளைகள் அழுகிறார்கள். நான் என்ன செய்ய?"

நல்ல கேள்வி. இதே நிலையில் பல வீடுகள் இருக்கின்றன. கடிதம் எழுதாமல் நாயைச் சங்கிலியில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கிலியும் தெருவும் தீர்வல்ல

பயந்த நாய்க்கு நம் ஊரில் வழக்கமாக இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, நாள் முழுவதும் மாமரத்தடியில் கட்டிக் கிடப்பது. மற்றது, சாக்கிலோ ஓட்டோவிலோ ஏற்றி மீன் சந்தைப் பக்கமோ கடற்கரையிலோ இறக்கிவிடப்படுவது.

கட்டிக் கிடக்கிற நாய்க்குப் பயம் குறைவதில்லை. தப்பி ஓட வழியில்லாத இடத்தில் எந்தப் பிராணியும் பல்லைத்தான் நம்பும். அயல் வீட்டுப் பிள்ளை பந்து எடுக்க வரும்போது கடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட நாய்தான். தெருவில் விடப்பட்ட நாயோ ஏற்கனவே அங்கே இருக்கிற கூட்டத்தால் கடிபடும், பட்டினி கிடக்கும், வீதியில் அடிபடும். பெட்டையாக இருந்தால் குட்டிகளும் போட்டு, அடுத்த வருடம் அந்தத் தெருவில் ஒன்றுக்கு ஐந்தாக நிற்கும்.

விசர்நாய்க்கடி நோயையும் மறந்துவிடக் கூடாது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியின் பயனாக அண்மைக் காலத்தில் வருடத்துக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு அது இறங்கியிருக்கிறது. ஆனாலும் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாயினால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது ஊசி ஏற்றியிருந்தால் நோய் பரவுவது நின்றுபோகும் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. வீட்டு நாயைத் தெருவில் விடுபவர் ஊசி போட்ட நாய்களின் கணக்கில் ஒன்றைக் குறைத்து, போடாதவற்றின் கணக்கில் பலவற்றைக் கூட்டுகிறார்.

தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறையை நமது நாட்டில் 2006ஆம் ஆண்டு அரசு நிறுத்தியது. அதன் பிறகு தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையும்தான் வழி. இரண்டுக்கும் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். ஆகவே இந்தச் சகோதரியின் நாய்க்கு வழி தேடுவது ஒரு நாய்க்கு மட்டும் செய்கிற உதவியல்ல.

பயம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்து ஏறக்குறைய மூன்றாவது கிழமையிலிருந்து பன்னிரண்டாவது கிழமை வரைதான் உலகத்தைப் படிக்கும் காலம் என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் காலத்தில் யாரைக் கண்டு, யாரோடு விளையாடிப் பழகுகிறதோ அவர்களைப் பிறகும் நம்பும். அப்போது காணாததை வளர்ந்தபின் கண்டால் பயப்படும்.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். கண் திறந்து சில நாட்களிலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்து வருகிறோம். ஆறு மாதம் வளவுக்குள் அடைத்து வைக்கிறோம். பிறகு ஒருநாள் சங்கிலியைப் போட்டு, கடைகளும் பஸ்களும் நாய்க் கூட்டமும் உள்ள வீதிக்கு இழுத்துச் செல்கிறோம். அது நடுங்காமல் என்ன செய்யும்? இந்தச் சகோதரியின் நாய்க்கு அதற்கு மேலாகக் கடிபட்ட அனுபவமும் இருக்கிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது நாய்க்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவிழ்த்துவிட்ட இரண்டு நாய்கள் சந்திக்கும்போது நேருக்கு நேர் போவதில்லை. சுற்றி வளைத்து வரும். முகத்தைத் திருப்பும், நிலத்தை மணக்கும். பிடிக்காவிட்டால் ஒன்று விலகிப் போய்விடும். இது அவற்றின் மரியாதை முறை. சங்கிலியை நாம் இறுக்கிப் பிடித்தால் இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடுகின்றன. நாய் நெஞ்சை நிமிர்த்தி நேராகப் பார்க்க வேண்டியதாகிறது. எதிரே நிற்கும் நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பது போலத் தெரிகிறது. ஓட முடியாது என்று கண்டதும் நம் நாய் முந்திக்கொண்டு பாய்கிறது. அது கோபத்தில் பாய்வதாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் "கிட்ட வராதே" என்ற கெஞ்சல்தான்.

ஒரு பெண் கண்ட வழி

நாய்ப் பயிற்சியில் இன்று உலகெங்கும் பயன்படும் முறையின் ஆரம்பம் நாயில் அல்ல, ஒரு குழந்தையில் இருந்தது. 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் உளவியலாளர் அதைச் செய்தார்.

பீட்டர் என்ற சிறுவனுக்கு அப்போது மூன்று வயதும் ஆகவில்லை. வெள்ளை முயலைக் கண்டால் அலறுவான். பஞ்சு, இறகு, மயிர்த்தோல் எல்லாவற்றுக்கும் பயம். ஜோன்ஸ் அவனை அதட்டவில்லை. "முயல் ஒன்றும் செய்யாது" என்று விரிவுரை செய்யவுமில்லை. அவனை நாற்காலியில் இருத்தி அவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்தார். அவன் சாப்பிடும்போது கூட்டிலிருந்த முயலை, அவனுக்குத் தொந்தரவில்லாத தூரத்தில் வைத்தார். அடுத்த முறை சற்றுக் கிட்ட, அதற்கடுத்த முறை இன்னும் சற்றுக் கிட்ட. பயமில்லாத மற்றப் பிள்ளைகள் முயலுடன் விளையாடுவதையும் காட்டினார். முடிவில் முயல் அவன் விரலைக் கறிக்கும் அளவுக்குப் பீட்டர் பழகிவிட்டான்.

இதில் நமக்கு மிகவும் வேண்டிய பகுதி நடுவில் இருக்கிறது. பீட்டர் ஓரளவு தேறி வந்தபோது காய்ச்சலால் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. திரும்பி வரும் வேளையில் வாசலில் ஒரு பெரிய நாய் பாய்ந்து வந்தது. அவனும் பயந்தான், கூட வந்த தாதியும் பயந்துவிட்டார். பழைய பயம் முழுதாகத் திரும்பி வந்தது. ஜோன்ஸ் கைவிடவில்லை. முதல் தூரத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டாவது தடவை வெற்றி கிடைத்தது.

பயமில்லாத தூரத்தில் தொடங்குவது, விருப்பமான உணவோடு சேர்ப்பது, மெல்ல மெல்லக் கிட்டே போவது, பின்னடைந்தால் மறுபடி பின்னால் போவது. நாய்க்கும் இதே நான்குதான்.

புறப்படுவதற்கு முன்

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதுப் புண், மூட்டு நோவு, பழைய கடிக்காயம் உள்ள நாய் இன்னொரு நாய் கிட்ட வருவதை விரும்பாது. நோவை வைத்துக்கொண்டு பயத்தைப் போக்க முடியாது.

விசர்நோய்த் தடுப்பூசி வருடந்தோறும் ஏற்ற வேண்டும். சுகாதாரத் திணைக்களம் இதை இலவசமாகச் செய்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் நாளும் இடமும் சொல்வார்கள். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கருத்தடை பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். பெட்டை நாய் பருவத்தில் இருக்கும் நாட்களில் அதைத் தெருவுக்குக் கொண்டு போகவே வேண்டாம். ஊர்க் கடுவன் எல்லாம் பின்னால் வரும்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டாம். இழுக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து நோகும். எதிரே நாய் வந்தால் நோவும் வரும் என்று அது படித்துக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டி நல்லது. அது கிடைக்காவிட்டால் அகலமான கழுத்துப்பட்டி போதும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருக்கட்டும், தலை வழியாகக் கழன்று வராதபடியும் இருக்கட்டும். ஆறடி நீளமான உறுதியான நாடாக் கயிறு போதும். அதைக் கையில் சுற்றிக் கட்டாதீர்கள். இந்தச் சகோதரி விழுந்ததுபோல விழ நேரும்.

தீனி மிக முக்கியம். வீட்டில் தினமும் கிடைக்கும் சோறு இதற்கு உதவாது. நாய் உயிரை விடும் அளவுக்கு ஆசைப்படும் பொருள் ஒன்று வேண்டும். அவித்து முள் எடுத்த மீன், அவித்த கோழி ஈரல், அவித்த முட்டை இவற்றைக் கடலைப் பருப்பளவு துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள். உப்பும் தூளும் போடாதீர்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம், சொக்கலேட், முந்திரிகைப் பழம், சமைத்த கோழி எலும்பு இவை நாய்க்கு ஆகாது. இந்தத் தீனி தெருவில், வேறு நாய் தெரியும்போது மட்டும் கிடைக்க வேண்டும்.

படிப்படியாக

முதல் கிழமை தெருவுக்கே போக வேண்டாம். வளவுக்குள் பட்டியைப் போட்டு நடவுங்கள். பெயரைக் கூப்பிட்டதும் முகத்தைப் பார்த்தால் ஒரு துண்டு. நீங்கள் திரும்பும்போது கூடவே திரும்பினால் ஒரு துண்டு. "வா, போவம்" என்று ஒரே சொல்லைச் சொல்லித் திரும்பப் பழக்குங்கள். பின்னர் தெருவில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்தத் திரும்பல்தான். இதற்குச் சாதாரணத் தீனி போதும்.

பிறகு படலையடியில் நில்லுங்கள். திறந்த படலைக்கு உட்பக்கமாக நின்று ஐந்து நிமிடம் தெருவைப் பாருங்கள். நாய் நிலத்தை மணந்து இயல்பாக நிற்கும்வரை இதைப் பல நாள் செய்யலாம்.

அடுத்ததாக உங்கள் நாயின் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். வேறொரு நாயைக் கண்டும் தீனியை எடுத்துத் தின்னக்கூடிய தூரம் அது. ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள தூரமாக இருக்கலாம், இரண்டு கம்பமாகவும் இருக்கலாம். அளக்க அளவுநாடா வேண்டாம், கம்பத்தை எண்ணினால் போதும். தீனியை வாயில் எடுக்கவில்லை என்றால், அல்லது கையைக் கடிப்பதுபோலப் பறித்தால், நீங்கள் மிகக் கிட்ட நிற்கிறீர்கள்.

குரைப்பதற்கு முன்பே நாய் பல அடையாளங்கள் காட்டும். உதட்டை நக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். காதைப் பின்னே சாய்க்கும். வாலை ஒடுக்கும். ஒரு முன்காலைத் தூக்கி நிற்கும். கண் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். உடம்பு விறைத்து, முதுகு மயிர் சிலிர்க்கும். முதல் அடையாளத்திலேயே "வா, போவம்" என்று திரும்பி விலகுங்கள். குரைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தூரத்தில் நின்று செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்ற நாய் கண்ணில் பட்டதும் தீனி தொடங்க வேண்டும். அது மறைந்ததும் தீனி நிற்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறக் கூடாது. நாய் வருவதற்கு முன்பே கொடுத்தால், தீனி வந்தால் ஆபத்து வரும் என்று தலைகீழாகப் படித்துவிடும். சில நாட்களில் ஒரு மாற்றம் தெரியும். தூரத்தில் நாயைக் கண்டதும் உங்கள் நாய் பாயாமல், திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். "கண்டுவிட்டேன், எங்கே என் துண்டு?" என்று கேட்கும் பார்வை அது. அதற்குப் பிறகுதான் தூரத்தைக் குறைக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்தாறு அடி போதும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் இப்படிப் பழக்க வேண்டாம். இந்தச் சகோதரி டொக்டர் சொன்ன நடையை முதல் இரண்டு மாதமும் தனியாகவோ அயல் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்தோ நடப்பது நல்லது. நாயின் பாடத்தையும் தன் நடையையும் ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

தூரம் ஓரளவு குறைந்ததும் அமைதியான ஒரு நாயைத் துணைக்குத் தேடுங்கள். தெரிந்த வீட்டு நாய், ஊசி போட்டது, வயது போனது என்றால் மிக நல்லது. இரண்டு பேரும் வீதியின் இரு கரையிலும் ஒரே திசையில் நடவுங்கள். முகத்துக்கு முகம் நிறுத்தி "கூட்டாளி பிடி" என்று விட வேண்டாம். பீட்டருக்கு மற்றப் பிள்ளைகள் உதவியதுபோல, பயமில்லாத நாயின் பக்கத்தில் பயந்த நாயும் தைரியம் படிக்கும்.

எங்கே, எப்போது?

வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லா நாயும் கயிற்றில்தான் வரும். நம் ஒழுங்கைகளில் அப்படி இல்லை. வீட்டு நாய்களே பாதிக்கு மேல் படலைக்கு வெளியேதான் படுத்திருக்கின்றன. ஆகவே இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்வதிலேயே நமக்குப் பாதி வேலை இருக்கிறது.

ஒரு நாள் நாயில்லாமல் தனியாக நடந்து பாருங்கள். எந்தப் படலையடியில் எத்தனை நாய் கிடக்கிறது, எது குரைக்கிறது, எது பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உட்துறைமுக வீதி போன்ற அகலமான வீதியில் மறுகரைக்கு விலக இடமுண்டு. தூரம் வரை பார்க்கவும் முடியும். குறுகிய ஒழுங்கையில் இரண்டும் இல்லை. உவர்மலைப் பக்கம் ஏற்றமும் வளைவும் உள்ள இடங்களில் திடீரென்று நாய் எதிர்ப்படும். அங்கே பிறகு போகலாம்.

கடற்கரை விசாலமாக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். ஆனால் டச்சுக் குடாவிலோ திருக்கடலூரிலோ வள்ளங்கள் கரை சேரும் காலை வேளையில் மீன் கழிவுக்கு நாய்கள் கூடி நிற்கும். தீனி உள்ள இடத்தில் நாய் விட்டுக்கொடாது. வள்ளங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, சனநடமாட்டம் உள்ள பக்கமாகப் போங்கள். பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் மான்கள் நிற்கின்றன. அங்கே நாயைக் கொண்டு போகவே வேண்டாம். மான் வெருண்டு வீதிக்கு ஓடினால் அதற்கும் ஆபத்து, வாகனத்துக்கும் ஆபத்து.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் சுடத் தொடங்கிவிடும். உங்கள் புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாததை நாயின் பாதமும் தாங்காது. நன்றாக விடிந்த பின்னான முதல் மணித்தியாலம் பொருத்தமான நேரம். இருட்டோடு போக வேண்டாம். நாய்க்கும் உங்களுக்கும் எதிரே வருவது தெரிய வேண்டும்.

அயலவரோடு பேசுங்கள். "காலையில் ஆறரைக்கு ஒரு பத்து நிமிடம் உங்கள் படலையைச் சாத்தி வைப்பீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் மார்க்க முறைப்படி நாயின் எச்சில் படுவதை விரும்பாத அயலவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதிரே வந்தால் நாயை உங்கள் மறுபக்கம் மாற்றிப் பிடித்து, ஒதுங்கி வழி விடுங்கள். நாய்க்குப் பயப்படும் பிள்ளைகளுக்கும் அப்படியே.

அவிழ்ந்த நாய் கிட்ட வந்தால்

ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். கத்த வேண்டாம். கயிற்றைத் தளர்வாக வைத்தபடி, வளைந்து வேறு பக்கம் திரும்பி நடவுங்கள். வருகிற நாயின் முன்னால் ஒரு பிடி தீனியை எறிந்தால் அது நிலத்தை மணக்கும் நேரத்தில் நீங்கள் விலகிவிடலாம். கையில் குடை இருந்தால், வருகிற நாய்க்கும் உங்களுக்கும் இடையில் அதைத் திடீரென்று விரிப்பதே போதும். உங்கள் நாய் வெருளாதபடி வளவுக்குள் முன்கூட்டியே அதைக் குடைக்குப் பழக்குங்கள்.

கல்லெடுப்பதுபோலக் குனிந்தால் தெருநாய் ஓடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் கல்லடி பட்ட ஊர்நாய் உங்கள் கயிற்றிலும் நிற்கிறது என்பதை நினையுங்கள். நீங்கள் குனிய, அதுவும் நடுங்கும்.

நாய்கள் பிடித்துக்கொண்டால் நடுவில் கையைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றுவது, குடையை இடையில் நுழைப்பது பாதுகாப்பானது. உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால், சிறிதென்றாலும், சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். "தெரிந்த வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடவும் வேண்டாம். ஊசி வேண்டுமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

வீட்டார் செய்யக் கூடாதவை

பயத்துக்கு அடிக்கக் கூடாது. அடித்தால் நாய் குரைப்பதை நிறுத்தலாம், பயத்தை நிறுத்தாது. உறுமுவதற்கும் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து அடக்கிய நாய், பின்னர் எச்சரிக்காமலே கடிக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியையும் நம்பி இருக்காதீர்கள். பயந்த நாய் குரைக்கவும் செய்யும், கடிக்கவும் செய்யும்.

"நாய்க் கூட்டத்துக்குள் விடு, அடிபட்டுப் பழகட்டும்" என்று சொல்பவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். பீட்டரின் மடியில் முதல் நாளே முயலைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பயந்து ஒட்டிக்கொள்ளும் நாயைத் தடவினால் பயம் கூடிவிடும் என்று முன்பு சொல்வார்கள். அது சரியல்ல. பயம் என்பது கூலிக்குச் செய்யும் வேலையல்ல. மெதுவான குரலில் பேசி, நெஞ்சில் தடவிக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கை நடுங்கக் கூடாது. பீட்டரின் தாதியை நினைத்துப் பாருங்கள். நாம் மூச்சைப் பிடித்துக் கயிற்றை இறுக்கும் கணத்தில் அந்தச் செய்தி கயிறு வழியே நாய்க்குப் போய்விடுகிறது. விழுந்த அனுபவம் உள்ள இந்தச் சகோதரிக்கும் இப்போது நாய்களைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். அது இயற்கை. அவரும் தனக்குப் பயமில்லாத தூரத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒரு வீட்டில் ஒரே முறைதான் இருக்க வேண்டும். தாய் தீனி கொடுத்துப் பழக்க, தகப்பன் பின்னேரத்தில் இழுத்துக்கொண்டு போனால் காலைப் பாடம் மாலையில் அழிந்துவிடும். கணவரை ஒரு நாள் கூட வரச் சொல்லுங்கள். நாய் திரும்பி முகம் பார்ப்பதைத் தன் கண்ணால் கண்டவர் அதைக் கொண்டுபோய் விடச் சொல்வது கடினம். பிள்ளைகளுக்கு எழுத்து வேலையைக் கொடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, இடம், எத்தனை கம்பத் தூரம், நாய் என்ன செய்தது என்று அவர்கள் எழுதட்டும். பயந்த நாயை வெளியே பிடித்துச் செல்லும் பொறுப்பை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு காலம்?

சில நாய்க்கு ஆறு கிழமை, சிலதுக்கு ஆறு மாதம். இடையில் ஒரு கெட்ட நாள் வரும். எங்கிருந்தோ ஒரு நாய் பாய்ந்து வரும். பட்ட பாடெல்லாம் வீணானதுபோல இருக்கும். இரண்டு மூன்று நாள் வீட்டோடு வைத்திருந்து, பழைய தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். முதல் தடவை எடுத்த காலம் இரண்டாம் தடவை பெரும்பாலும் எடுக்காது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பழக்கியும் அசைவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் மறுபடி பேசுங்கள். கடுமையான பயத்துக்கு மருந்தும் உண்டு. மருந்து பழக்கத்துக்குப் பதிலல்ல, பழக்கத்துக்குத் துணை.

எல்லா நாயோடும் கூட்டாளியாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாமும் தெருவில் காணும் எல்லோரோடும் கூடிக் குலாவுவதில்லையே. வீதியின் மறுகரையில் ஒரு நாய் போக, நம்முடையது ஒருமுறை பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தால் அதுவே போதுமான வெற்றி.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான். வீட்டாரிடம் மூன்று மாதத் தவணை கேளுங்கள். அதற்குள் நாயை எங்கும் கொண்டுபோய் விடுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். நாளைக்கே வைத்தியரிடம் காட்டி, ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு, படலைக்கு உட்பக்கமாக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்கள் நாய்க்கு எத்தனை கம்பத் தூரம் என்பதை எமக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம்: வெடிச் சத்தத்துக்கும் இடி முழக்கத்துக்கும் ஒளிந்துகொள்ளும் பிராணிகளைப் பற்றிப் பார்ப்போம்.